சோலைமலை அண்ணனின் நடை

மதுரை கே.கே. நகரில் அனிமேஷன் சொல்லித்தரும் ஓர் இடத்தில் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். அதற்குத் தயாராகத்தான் போனேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "மேடம், இந்த பட்டனை அமுக்குனா ஆளு தானா நடப்பான். ஒங்க காலத்துல இதுக்கு எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டாள். திரையில் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். நல்ல நடைதான். இது யாருடைய நடை என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல மேடம். சும்மா நடை, அம்புட்டுதான்" என்றாள்.

அந்தப் பதிலுக்கு மேடையில் வைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபமாகத்தான் வந்திருக்கும், பாவம், சின்னப் பெண். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் பெயர் மெகருன்னிசா. காஜிமார் தெருப் பக்கம் எங்கள் வீடு. அத்தா தையல் கடை வைத்திருந்தார். சேலைக்கும் தலையணை உறைக்கும் பூ டிசைன் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கார்பன் தாளின் மேல் பென்சிலை ஓட்டி ஓட்டி எனக்குக் கோடு நடுங்காமல் வந்துவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சிம்மக்கல்லில் சினிமா ஸ்லைடு செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளை மாடிப்படி ஏறி வேலைக்குப் போகிறதே என்று பேசிய தெருக்காரர்கள், நான் கலர் அடித்த ஸ்லைடை இடைவேளையில் தியேட்டரில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் ஸ்லைடு. பிறகு பல்பொடிக்கும் சோப்புக்கும் அரை நிமிடக் கார்ட்டூன் விளம்பரம். செல் என்று நாங்கள் சொன்ன கண்ணாடித் தாளில் மையால் கோடு எடுத்தேன், பின்பக்கம் வண்ணம் பூசினேன், கடைசியில் இன்பிட்வீன் போட வந்தேன். பெரிய ஆர்ட்டிஸ்ட் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து கொடுப்பார். நடுவில் வரவேண்டிய படங்களை நாங்கள் போட வேண்டும். அதுதான் இன்பிட்வீன். ஆறேழு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் காய்த்தது, மூக்கில் கண்ணாடி ஏறியது.

ஆனால் அந்த மாடியை நினைத்தால் இப்போதும் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழே பேப்பர் கடை. மேலே ஒரே நீளக் கூடம். தாள் பறந்துவிடும் என்பதால் சித்திரை மாதத்தில்கூட ஃபேன் போடக் கூடாது. வியர்வை செல்லில் சொட்டினால் அன்றைய வேலை போச்சு. ஆளுக்கொரு துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, வெந்துகொண்டே வரைந்தோம். அத்தனை சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கும் வேலை செய்ததில்லை.

எங்களுக்குத் தலைமை தனபாலன் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடிப் பலகை, அதன் அடியில் ஒரு பல்பு இருக்கும். பல்பு எரிந்தால்தான் தாளுக்கு அடியில் இருக்கும் தாளின் கோடு தெரியும். சார் ஓசைப்படாமல் பின்னால் வந்து நிற்பார். போட்ட தாள்களை எடுத்து, விரலிடுக்கில் வைத்து விசிறி, அசைவு சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் தாள்களைத் திரும்ப மேசையின் ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். தப்பாக இருந்தால் குனிந்து பல்பை அணைத்துவிடுவார். என்ன தப்பு, எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை வராது. இருட்டிப்போன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நாமே யோசிக்க வேண்டியதுதான். முதல் வருடம் என் பல்பு எரிந்ததைவிட அணைந்து கிடந்ததுதான் அதிகம். அப்போது மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டுக்கு இன்றைக்கு நான் நல்லபடியாக இருப்பதே ஆச்சரியம்.

சுவரோரமாக ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. எதை வரைவதானாலும் முதலில் அதன் முன்னால் நடித்துப் பார்க்க வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். ஒருவர் நடிப்பார், ஒருவர் ஸ்டாப் வாட்ச் பிடிப்பார். கிழவர் என்றால் கிழவர், கோழி என்றால் கோழி. எங்கள் கேமராமேன் பாண்டி ஒரு புண்ணாக்கு விளம்பரத்துக்காக எருமையாக நடந்தபோது, "மாப்ள, இதுக்கு நீ நடிக்கவே வேணாம்டா" என்று பெயிண்டர்கள் கத்தியது தெருவரை கேட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சார் மட்டும் சிரிக்க மாட்டார். முதுகு எந்த இடத்தில் வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போலியோ சொட்டு மருந்து பற்றிப் பள்ளிக்கூடங்களில் காட்ட அதைக் குறும்படமாக்க வேண்டும் என்றார்கள். வரைந்தவர் சோலைமலை. வாடிப்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனதிலிருந்து கடை திறந்த நாள் வரை தன் கதையைத் தானே கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். அப்பா தோளில் உட்கார்ந்து கிணற்றுக்குப் போனது, ஒற்றைப் பெடலில் சைக்கிள் பழகி வேலியில் விழுந்தது, முதல் ரேடியோவைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் ஒளித்து வைத்தது எல்லாம் இருந்தது. நம்மை அழவைக்க வேண்டும் என்று கொஞ்சமும் மெனக்கெடாத புத்தகம். அதனாலேயே இரண்டு இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

நடுவில் ஒரு பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பாதை. ஏழெட்டுப் பயல்கள் வரிசையாக ஒரு காலை இழுத்து, உடம்பைக் கோணி, நாக்கைத் துருத்திக்கொண்டு நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போகிற சோலைமலை படத்தில் இல்லை. கட்டத்தின் ஓரத்தில் அவன் பை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

ஒப்பந்தம் பேச அவரே மாடி ஏறி வந்தார். படியேறி உள்ளே நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் அவசரமாகத் தலையைக் குனிந்து வேலையில் மூழ்கிவிட்டோம். அதை மரியாதை என்று நினைத்தோம். அவர் கேட்டது இரண்டே இரண்டு. "பென்சில்ல போட்டு முடிச்சதும் எனக்குக் காட்டணும். நான் சரின்னு சொன்னாத்தான் கலரு. அந்தப் பயலுக வர்ற பக்கம் கட்டாயம் இருக்கணும். இல்லாட்டி படமே வேணாம்." சார் ஒத்துக்கொண்டார்.

புத்தகத்தைக் காட்சிகளாகப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. புத்தகம் முழுக்கத் தேடினாலும் சோலைமலை ஓர் இடத்தில்கூட நடக்கவில்லை. உட்கார்ந்திருப்பார், சுவரில் சாய்ந்து நிற்பார், சைக்கிளில் போவார், தோளில் போவார். அடுத்த கட்டத்தில் வேறு இடத்தில் இருப்பார். காகிதத்தில் அப்படித் தாண்டிவிடலாம். சினிமாவில் முடியாது.

"இவரு நடக்குறதைக் காட்டலைன்னா, அந்தப் பயலுக என்னா செய்றாய்ங்கன்னே பாக்குறவனுக்குப் புரியாது" என்றார் சார்.

அதனால் அவரை நடக்கவைக்க உட்கார்ந்தோம். சார் ஓர் ஊகத்தில் முக்கியப் படங்களைப் போட்டுக் கொடுத்தார். நான் நடுப்படங்களைப் போட்டேன். இந்த வேலையில் கை பழகிவிட்டால் ஒரு வியாதி வந்துவிடும். எதைக் கொடுத்தாலும் சரிபாதி பிரித்துக் கோணலை நேராக்கிவிடும். இரண்டு நாள் பாடுபட்டு, விசிறிப் பார்த்தால் பையனுக்கு ஊனமே இல்லை. தெப்பத்தில் உட்கார்ந்து போகிறவனைப் போல இதமாக ஆடி ஆடிப் போகிறான். சார் பின்னால் வந்து பார்த்தார், என் பல்பை அணைத்தார். அது எதிர்பார்த்ததுதான். பிறகு தன் மேசைக்குப் போய்த் தன்னுடைய பல்பையும் அணைத்துக்கொண்டார்.

மறுநாள் சார் வேட்டியை மடித்துக் கட்டி, இடது முழங்கால் மடங்காதபடி மர ஸ்கேல் ஒன்றை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். கண்ணாடி முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஸ்டாப் வாட்ச் என் கையில் இருந்தது. விறைத்த காலை இழுத்து இழுத்து நடந்தார். திரும்பும்போது ஸ்டூலில் இடித்து, ஸ்டூலில் இருந்த சிவப்பு பெயிண்ட் கவிழ்ந்து, சார் தடுமாறிப் பாண்டியின் மேல் விழப் பார்த்தார். பாண்டி சிரித்துவிட்டான். பெயிண்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாக சாருக்கும் சிரிப்பு வந்தது.

வாசலில் சோலைமலை நின்றுகொண்டிருந்தார். கடைக்குச் சாமான் வாங்க மதுரைக்கு வந்தவர், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக ஏறி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சாரின் காலில் கட்டியிருந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா ரோட்டுல பாத்தாச்சு சார். இதப் பாக்க மாடி வேற ஏறி வரணுமா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பாண்டி பதறிப்போய் முன்னால் வந்தான். "அண்ணே, அப்படி இல்லண்ணே. நாங்க எல்லாத்துக்குமே இப்படித்தாண்ணே. எருமைக்குக்கூட இப்படித்தான் நடந்து பாத்தோம்."

நல்ல பிள்ளைதான் பாண்டி. ஆனால் அந்த நேரத்தில் அவன் வாயில் பெயிண்டை ஊற்றலாம் போலிருந்தது. சோலைமலை திரும்பி இறங்கினார். படிகளில் அவர் மெதுவாக இறங்கும் ஓசை அடங்கும்வரை சார் ஸ்கேலை அவிழ்க்கவில்லை.

அந்த வாரமே அமைப்பிலிருந்து ஆள் வந்தது. வரைந்தவர் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார், படத்தை நிறுத்துங்கள் என்றார்கள். யாரையாவது தூது அனுப்பலாமா என்று கேட்டார்கள். சார் வேண்டாம் என்றார். என்னிடம் வந்து, "மெகரு, நாளைக்கு வாடிப்பட்டி போறோம். நீ வா" என்றார். பாண்டியும் வரட்டுமா என்று கேட்டேன். "அவன் பேசிருவான்" என்றார்.

பஸ்ஸில் எனக்கு அதே நினைப்புதான். படம் போனால் போகட்டும், இன்னொரு சோப்பு விளம்பரம் வரும். ஆனால் அந்த மனிதர் தன் வாழ்க்கையை நம்பி எங்கள் கையில் கொடுத்தார். அதில் அவருக்கு எது பொறுக்க முடியாததோ அதையே நாங்கள் அவர் கண் முன்னால் நடத்திக் காட்டிவிட்டோம். அதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருடைய கடை. வயிறு திறந்து கிடந்த ரேடியோக்களுக்கு நடுவில் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. சார் நின்றபடியே பேசினார்.

"அன்னைக்கு நடந்தது கேலி இல்ல. எங்க வேலையே அதுதான். ஆனா ஒங்க கண்ணுக்கு அது கேலியாத்தான் தெரியும், தெரியணும். எனக்கு அது முன்னாடியே உரைச்சிருக்கணும். இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். படம் வேணாம்னா வேணாம்."

சோலைமலை நிமிரவில்லை. ஈயம் புகைந்தது. "நீங்க காலை இழுத்தீங்க. நான் இழுக்க மாட்டேன்" என்றார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்ப எப்படிண்ணே நடப்பீங்க? பொஸ்தகத்துல நீங்க ஒரு எடத்துலகூட நடக்கலையே" என்று கேட்டுவிட்டேன்.

சார் என்னைப் பார்த்த பார்வையில், அங்கே பல்பு இருந்திருந்தால் அணைந்திருக்கும்.

சோலைமலை கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். "இழுக்க மாட்டேங்கிறது ஒடம்புக்குத் தெரியும். பாக்க எப்படி இருக்கும்னு தெரியாது. ஜவுளிக்கடைக் கண்ணாடியில தெரிஞ்சிரும்னு அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். அந்தப் பயலுக பின்னாடி செஞ்சு காட்டுனாய்ங்கள்ல, அதுதான் நான் பாத்தது. அம்புட்டு அசிங்கமாத்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். அத வரைய எனக்குக் கை வரல."

சார் அப்போதுதான் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சோலைமலை எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன். பாக்குறதுன்னா பாத்துக்கங்க. ஒருக்காத்தான்."

அவர் கடையை விட்டு இறங்கி நடக்க, நான் அட்டையும் பென்சிலுமாகப் பின்னாலேயே கிளம்பினேன். சார் கையை நீட்டி மறித்தார். "பின்னாடி போகாத மெகரு. ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போ." சொல்லிவிட்டு, தான் வேகமாகப் போய் சோலைமலைக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். ஏதோ ரேடியோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, அவர் வேகத்திலேயே நடந்தார். ரோட்டுக்கு எதிர் ஓரத்தில், சைக்கிள்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் முட்டிக்கொண்டு நான் வரைந்தபடி போனேன். ஒரு லாரி மறைத்தபோது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அவர் காலை இழுக்கவில்லை. இடுப்பிலிருந்து அதை முன்னால் எறிந்தார். அது தரையில் பட்டதும் இடது கையால் தொடையை ஓர் அழுத்து அழுத்தினார். அந்த அழுத்தில் முழங்கால் பூட்டிக்கொள்ள, அந்த நொடியில் உடம்பு அப்படியே நின்றது. பிறகு நல்ல கால் வெடுக்கென்று முன்னால் வந்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் இந்த நிற்றல் இருந்தது. நான் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துப் பிரித்து அழித்தது இதைத்தான்.

திரும்பி வந்து அந்த நடையைப் போட்டேன். கை தொடையை அழுத்தும் இடத்தில் அசைவு நிற்கும்படி படங்களை நெருக்கமாக அடுக்கினேன். காலை எறியும் இடத்தில் வேகம் வரும்படி ஒன்றிரண்டோடு விட்டேன். கை பழைய பழக்கத்தில் சமமாக்கப் பார்க்கும். அழித்து அழித்துப் போட்டேன். சார் வந்து விசிறினார். மறுபடி விசிறினார். பிறகு தாள்களை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பாண்டி அதை ஃபிரேம் ஃபிரேமாக எடுத்து, ஃபிலிமைக் கழுவி வர மெட்ராசுக்கு அனுப்பினான்.

படம் பிறகு முடிந்தது, பள்ளிக்கூடங்களில் ஓடியது. அந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியது பென்சில் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டிய அந்த மத்தியானத்தைப் பற்றி.

ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டிருந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாண்டி ஃபிலிமின் இரண்டு முனைகளையும் ஒட்டி, நடை முடியாமல் ஓடும்படி மாட்டியிருந்தான். வெள்ளைச் சுவரில் பென்சில் கோட்டில் ஒரு பையன், தோளில் பையோடு, நடக்கத் தொடங்கினான். பின்னால் பயல்கள் யாரையும் இன்னும் நாங்கள் போடவில்லை. அவன் மட்டும் காலை எறிந்து, அழுத்தி, நின்று, அடுத்த அடி வைத்துப் போய்க்கொண்டே இருந்தான்.

சோலைமலை அண்ணன் அசையவில்லை. இடது கை மட்டும் சுவரில் தெரிந்த கையோடு சேர்ந்து தொடையில் அழுந்தி அழுந்தி எழுந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"இதுக்கா அம்புட்டு சிரிச்சாய்ங்க?" என்றார்.

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பாண்டிகூடக் குனிந்து புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருட்டில் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நான் அழுதேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கலர் அடிச்சுக்கலாம் சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா தங்கச்சி, அந்தக் கை கொஞ்சம் மேல போயிருச்சு. நான் இன்னுங் கீழ, முட்டிக்குப் பக்கத்துல வச்சு அமுக்குவேன். இரு, காட்டுறேன்."

சார் ஜன்னல் போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். வெளிச்சம் வந்தது. சோலைமலை அண்ணன் எழுந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். "பாத்தியா? இங்கன" என்று தொடையைத் தட்டிக் காட்டிவிட்டு மறுபடியும் நடந்தார். பெயிண்டர்கள், பாண்டி, சார், நான் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.